கரண்ட் இல்லாத வீட்டில் லாத்தே

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்தே புழுக்கம். பத்து மணிக்குக் கரண்ட் போனது. மழை இல்லை, இடி இல்லை. தோட்ட ஆபீசில்தான் வெட்டியிருக்கிறார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மட்டும். மிச்சம் இருப்பது நாலே வீடு. கம்பெனி நிலத்தை விற்றுவிட்டது, நாங்கள் காலி செய்யவேண்டுமாம். மாற்று வீடு தருவதாக வாய்ப்பேச்சு. ஆபீஸ் கொடுத்த கடிதத்தில் அந்த வரியே இல்லை.

என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்து டிராக்டரை முப்பது வருடம் ஓட்டியவர். வாசலில் விசிறிக்கொண்டு, "சைன் போட்டுட்டுப் போயிருவோம் ஸ்டெல்லா. பாரோய்ல தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாள் இருக்கலாம் லா."

"நீங்க போங்க. நான் வரல."

ஃபிரிட்ஜில் இருந்த மீன் முழுவதும் குழம்பு.

ஜூன் 4, புதன்
வேலை. ராசா டவுனில் ஒரு கஃபே, நான் கப் கழுவுகிறவள். லாத்தே மெஷினைத் தொட்டதில்லை. இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். கெட்டிக் காப்பி, சூடான பால், மேலே நுரை, ஏதாவது ஒரு வாசனை. அவ்வளவுதானே. யாரோ பாதி குடித்து வைத்த கப்பைக் கழுவும்போது திடீரென்று கோபம். கரண்டை வெட்டினால் நாங்கள் சுருண்டு விடுவோம் என்று ஆபீசுக்கு நினைப்பு. பார்க்கலாம்.

வாங்க: பெட்டிப் பால் 2 (ஃபிரிட்ஜ் வேண்டாம்), குலா மலாக்கா வெல்லம், மெழுகுவத்தி. வாசனைக்குப் பாண்டான் இலை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

ஜூன் 5, வியா.
கேஸ் அடுப்பை யாரும் வெட்ட முடியாது. வெல்லத்தோடு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுப் பாகு காய்ச்சினேன். லயமே மணம். சூடான பாலை ஜாம் போத்தலில் ஊற்றிக் குலுக்கினேன். மூடி பறந்தது. சுவரெல்லாம் பால். மூன்று நாளாகச் சிரிக்காத மனிதர் சிரித்துவிட்டார்.

"என்னடி கூத்து இது? சாதாரண காப்பி பத்தாதா?"

"பத்தாது."

ஜூன் 6, வெள்ளி
மத்தால் கடைந்தேன். நுரை வந்தது! பால் கொதிக்கக் கூடாது, ஓரத்தில் குமிழ் வரும்போதே இறக்கவேண்டும். அடியில் பாகு, அப்புறம் துணியில் வடித்த காப்பி, பால், நுரை. கஃபேயில் கொடுப்பதைவிட நன்றாக இருக்கிறது. இவர் இரண்டு டம்ளர்.

ஜூன் 7, சனி
தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி தேவா வந்தான், சைன் போடவேண்டிய பேப்பரோடு. இதே லயத்தில் வளர்ந்தவன். என் முகத்தைப் பார்க்கவில்லை. வியர்த்துக் கொட்டியது அவனுக்கு. லாத்தே கொடுத்தேன். ஒரு வாய் குடித்து நிமிர்ந்தான்.

"கரண்டே இல்ல, இது எப்படி அக்கா?"

"கரண்டு இல்லாமத்தான்."

"ஆபீஸ்ல சொன்னத நான் செய்றேன் லா, கோச்சுக்காதீங்க. அண்ணன் சைன் போட்டா திங்கக்கிழமையே லோரி வரும்."

"மாத்து வீடுன்னு ஒரு வரி எழுதச் சொல்லு."

"அதெல்லாம் எழுத மாட்டாங்க அக்கா."

இவர் பேனாவை எடுத்தார். வீடு இவர் பெயரில், இவர் சைனே போதும். பேப்பரைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: வீடு கொடுத்தால் போவோம். கீழே பெயர். பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன்.

"இத எப்படி அண்ணே கொண்டுபோய்க் கொடுக்கிறது?"

"கையில புடிச்சிக்கிட்டுப் போ. மிச்சத்தக் குடிச்சிட்டுப் போ."

ஜூன் 8, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் எங்கள் வாசலில். ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் டம்ளர். பின்பக்கத்தில் என்ன எழுதவேண்டும் என்று கேட்கிறார்கள். இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பால் போதாது. கடைக்கு ஓடுகிறேன்.