பனங்கொட்டையும் வீமனின் பல்லும்

யூலை 29, செவ்வாய்

நல்லூர்க் கோயிலில் இன்று கொடியேற்றம். மீன் சட்டிகளை நேற்றே கழுவிக் வீட்டின் பின்கோடிக்குள் கவிழ்த்துவிட்டேன். திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் நுழையாது. எங்கள் நாய் வீமனுக்கும் அதுதான் சட்டம். சோறும் பருப்பும் வைத்தேன். மணந்து பார்த்துவிட்டுப் போய் மாமரத்தின் கீழ் படுத்துக்கொண்டான். கொடியேறினால் இந்தத் துரை கோபித்துக்கொள்வது வருஷா வருஷம் நடப்பதுதான். பதினொரு வயதாகியும் இந்த நாய்க்குப் பக்தி வரவில்லை.

இவர் பின்வளவில் பனம்பழம் ஒன்றைச் சூப்பிவிட்டுக் கொட்டையை அவனிடம் எறிந்தார். "இந்தா, பல்லை மினுக்கு." பக்கத்து வீட்டு ஷெரோன் தன் நாய்க்குப் பல் மினுக்கப் பிறஷ் வாங்கினாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து இவருக்கு இது ஒரு பெருமை. "எங்கடை வீமனுக்குப் பனந்தும்பு இருக்கு" என்று படலையில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்கிறார்.

வீமன் கொட்டையைக் காலால் உருட்டினான். கடிக்கவில்லை.

யூலை 31

இன்றும் சோற்றைத் தொடவில்லை. பாலை மட்டும் நக்கினான். "பசிச்சால் தின்னும், விடும்" என்கிறார் இவர். நானும் விட்டுவிட்டேன். ஆனாலும் இந்த முறை கோபம் கொஞ்சம் நீளமாக இருக்கிறதே?

ஓகஸ்ட் 2, சனி

வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். குளவி குத்தியிருக்கும் என்கிறார் இவர்.

ஓகஸ்ட் 4, திங்கள்

முருகா, மன்னித்துக்கொள். எங்கள் வளவுக்குள் மச்சம் ஏறவில்லை, நாய்தான் வேலி தாண்டிப் போனது.

ஷெரோன் வீட்டில் சூடை மீன் அவித்திருந்தாள். அவள் வேதக்காரி, அவளுக்கு நல்லூர் விரதம் இல்லை. இவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வீமனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மீனைக் கண்டு வால் ஆடின ஆட்டம்! ஒரு துண்டை வாயில் வாங்கினான். அடுத்த கணம் ஒரு சத்தம் — அப்படி அவன் கத்தி நான் கேட்டதேயில்லை. துண்டு கீழே விழுந்தது. அதில் இரத்தம்.

"அன்ரி, இது கோவமில்லை. வாய் நோகுது" என்றாள் ஷெரோன்.

இருவருமாக உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். பல்லெல்லாம் மண்ணிறக் காரை. பல்லைச் சுற்றி முரசு சிவந்து வீங்கியிருக்கிறது. நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாய்க்குள் இப்படி ஒரு நெருப்பை வைத்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து, பக்தியில்லாத நாய் என்று இந்தக் கொப்பியிலேயே நக்கல் அடித்திருக்கிறேன். எனக்கு என்ன பேய் பிடித்தது?

ஓகஸ்ட் 5

ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் போனோம். இவரும் வந்தார். டொக்டர் நிவேதனா இளம் பிள்ளை, பொறுமைசாலி. மேல் வரிசையில் பெரிய பல் ஒன்று வெடித்து, வேரில் சீழ் கட்டியிருக்கிறதாம். கண்ணுக்குக் கீழே வீங்கினது அதனால்தான்.

"கல்லு, எலும்பு ஏதும் கடிக்கிறவரோ?"

"பனங்கொட்டை கடிப்பான்" என்றேன்.

"அப்ப அதுதான். அந்தத் தும்பு பல்லைத் துடைக்கும், உண்மைதான். ஆனால் உள்ளுக்கை இருக்கிற கொட்டை கல்லு மாதிரியெல்லோ?"

இவர் சுவரில் இருந்த கலண்டரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மயக்க ஊசி போட்டுத்தான் பல்லைக் கழற்றிக் காரையையும் எடுக்க வேண்டுமாம். மயக்கம் இல்லாமல் ஏலாதோ என்று கேட்டேன். "மேலாலை சுரண்டலாம் அன்ரி. முரசுக்குக் கீழை இருக்கிறது அப்பிடியே கிடக்கும்" என்றாள். பிறகு நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டாள். அவள் முகம் மாறினதை நான் கண்டேன். இருதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறதாம். கவனமாகச் செய்யலாமாம், ஆனால் பயமே இல்லை என்று தன்னால் சொல்ல முடியாதாம். வரும் வியாழனுக்கு அடுத்த வியாழன் நாள் வைத்திருக்கிறாள். அதுவரை விழுங்கக் குளிசை மருந்து.



ஓகஸ்ட் 6

"தேர் முடியட்டும்" என்கிறார்.

"சீழ் தேர் பாத்துக்கொண்டு நிக்குமோ?"

"மயக்கினால் எழும்பாதாம். எல்லாரும் சொல்லினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

கடைசியில், "நீர் செய்யிறதைச் செய்யும். நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். நல்ல மனிதர்! கொட்டையை எறிய மட்டும் கை இருந்தது. இப்போது முடிவு என் தலையில். செத்தாலும் என் தலையில்.

ஓகஸ்ட் 9, சனி

கதலிப் பழத்துக்குள் குளிசையை ஒளித்துக் கொடுக்கிறேன். வீக்கம் வற்றிவிட்டது. இன்றைக்குக் குழைசாதம் கொஞ்சம் தின்றான்.

அப்படியென்றால் எதற்கு மயக்கம்? விட்டுவிட்டால் என்ன? டொக்டருக்குப் போன் எடுத்தேன். "குளிசை முடியத் திரும்பி வரும் அன்ரி. வேர் பழுதாப் போச்சு" என்றாள். சரி என்று வைத்தேன். வைத்த பிறகு அழுதேன்.

ஓகஸ்ட் 11

அவன் நித்திரை கொள்ளும்போது வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இதுவே வேலையாகிவிட்டது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

ஓகஸ்ட் 13, புதன்

நாளைக்கு. மயக்க ஊசிக்கு முதல் நாள் பொழுதுபட்ட பிறகு சாப்பாடு கூடாதாம். அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அவன் வந்து அதை மூக்கால் தள்ளினான். தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான். கொடியன்று நான் வைத்த சோற்றைத் தின்ன முடியாமல் கிடந்தான். இப்போது தின்ன வருகிறான், நான் கொடுக்கவில்லை. இவனுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

இவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். விரதமாம்.

ஓகஸ்ட் 14, வியாழன்

விடியக் கண் விழித்தபோது இவரைக் காணவில்லை. வேட்டியையும் சால்வையையும் காணவில்லை. கோயிலுக்குப் போய்விட்டார். இன்றைக்குக் கூடவா? ஷெரோன்தான் ஓட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஊசி போட்டதும் என் மடியில் தலையைச் சரித்தான். நாக்கு வெளியே தொங்கியது. தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியது.

நான் வெளியே காத்துக்கொண்டு இருந்தேன். தேவாரம் சொல்லப் பார்த்தேன், இரண்டாம் வரி வரவில்லை. உள்ளே ஏதோ மெஷின் கீச்சிட்டது, அது காரை எடுக்கிற சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. நடுவில் அது நின்றுவிட்டது. டொக்டர் வெளியே வந்தாள். கையுறையில் இரத்தம்.

"நெஞ்சு கொஞ்சம் மெதுவாப் போகுது. அதுக்கு ஊசி போட்டிருக்கிறம். பல்லுக் கழட்டியாச்சு. மிச்சக் காரையை எடுக்கவோ, விடவோ எண்டு ஒருக்காப் பாத்துச் செய்யிறன்."

"விடுங்கோ பிள்ளை, காரை கிடந்தால் கிடக்கட்டும்" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தால் மெஷின் திரும்பக் கீச்சிட்டது. இந்த ஜென்மத்தில் இவ்வளவு இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை.

கண் திறந்தான். என்னைத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

வீட்டுப் படலையில் இவர் நின்றார். தலைமயிரெல்லாம் வெள்ளை மணல். முதுகிலும் முழங்கையிலும் உரசல் காயம். இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று குனிந்து தேங்காய் பொறுக்காத மனிதர் நல்லூர் வீதி முழுக்கப் பிரதட்டை உருண்டிருக்கிறார். நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

"ஆருக்கு நேத்திக்கடன்?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்குத்தான்" என்றார். வீமனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஓகஸ்ட் 17

தையல் பிடித்திருக்கிறது. இளஞ்சூட்டில் கஞ்சி. இவர் பின்வளவில் கிடந்த பனங்கொட்டைகளையெல்லாம் கடகத்தில் பொறுக்கிக் பனங்கிழங்குப் பாத்தி போட்டுப் புதைத்துவிட்டார். சுற்றிவர முள்வேலி வேறு.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

திருவிழா முடிந்து இன்றுதான் மீன் சட்டியை உள்ளே எடுத்தேன். வீமன் அடுப்படி வாசலை விட்டு அசையவில்லை. முள் நீக்கிப் பிசைந்து வைத்தேன். இடது பக்கத்தால் மென்றான். தின்று முடித்துக் கோப்பையைத் தரை முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்தான்.

செப்டம்பர் 10

கிணற்றடியில் இப்போது மூன்று பிறஷ். சின்னது வீமனுடையது. எங்கள் பேஸ்ட் அவனுக்குக் கூடாதாம், நாய்க்கென்று தனியாக டொக்டர் தந்திருக்கிறாள். "ஆ காட்டு ராசா, ஆ" என்று இவர் கெஞ்சுகிற சத்தத்தில்தான் எனக்கு விடிகிறது. ஷெரோன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அங்கிள், பனந்தும்பு முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். இவர் கேளாத மாதிரி நின்றார்.

இன்று அவனுக்கு மினுக்கி முடித்துத் தன் பிறஷை இவர் வாயில் வைத்த நேரம், பின்வளவில் தொப்பென்று ஒரு பனம்பழம் விழுந்தது. வீமனின் காது நிமிர்ந்தது. அடுத்த கணம் பாய்ந்தான். பின்னால் இவர் — வாய் நிறைய நுரை, ஒரு கையில் பிறஷ், மறு கையில் இடுப்புச் சாரம். நாரிப்பிடிப்புக்காரர் ஓடி நான் கண்டது எந்தக் காலத்தில்?

பனையடியில் இவர்தான் முந்தினார். பழத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், சாரம் அவிழ்வது கூடத் தெரியாமல். வீமன் அவரைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தான், வாயை முழுக்கத் திறந்துகொண்டு.