மேடாகச் சேர்ந்த எலும்பு

1938 ஜூலை 4, ஸ்ரீவில்லிபுத்தூர்
எங்கள் போர்டிங்கை நடத்தும் மிஸ்ஸியம்மாவின் தம்பி மலை எஸ்டேட்டிலிருந்து அனுப்பிய முட்டைப் பந்து நேராக உருளவில்லை என்று ஆண்கள் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஜனவரியிலிருந்து போர்டிங்கில் நாங்கள் ஆடுகிறோம். பெயர் ரக்பி. பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும். முழங்கையில் தோலே இல்லை. ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 6
விழுந்தேன். இடது தோளில் சடக்கென்று ஒரு சத்தம். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 7
கையைத் தூக்க முடியவில்லை. ராஜபாளையத்தில் வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா வந்து கூட்டிப்போய்விடுவார். போன லீவிலேயே அம்மா சொன்னாள்: “எலும்ப ஒடிச்சுக்கிட்டு வந்தா எவன்டி கட்டுவான்?” அப்புறம் பள்ளிக்கூடமே கிடையாது. அழுகை வருகிறது. வலியா, பயமா?

ஜூலை 9
என் பக்கத்துப் பாய் செல்லத்தாய் கண்டுபிடித்துவிட்டாள்.
“ஏட்டி, என்ன ஒத்தக் கையால சடை போடுத?”
“மறு கை மரத்துப் போச்சு.”
“மூணு நாளாவா மரத்துப் போவும்?”
ஓடிப்போய் மிஸ்ஸியம்மாவிடம் சொல்லிவிட்டாள், துரோகி. காறை எலும்பு முறிந்திருக்கிறதாம். டாக்டர் கட்டுப் போட்டார். வீட்டுக்கு ஆள் போயிருக்கிறது.

ஜூலை 11
அப்பா வந்தார். மிஸ்ஸியம்மா முன்னாலேயே, “பெட்டியக் கட்டு. படிச்சது போதும்” என்றார்.
நான் நகரவில்லை. வாய் பேசிவிட்டது.
“நான் வரல. போன வருசம் கோயில்ல எத்தன தடவ மயங்கி விழுந்தேன்? ஆட ஆரம்பிச்ச பொறவு ஒரு தடவ மயங்குனேனா? மிஸ்ஸியம்மாட்டக் கேளுங்க.”
“பொட்டப்பிள்ளைக்கு எலும்பு ஒடியுத ஆட்டமா?”
“பஞ்சு பிரிக்கிற ஜின்னிங் மெஷின்ல ஒங்க ரெண்டு விரல் போச்சே. நீங்க வேலைய விட்டீயளா?”
அறை விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அப்பா அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். தனியாகவே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.
ஏன் அதச் சொன்னேன்? சொல்லியிருக்கக் கூடாதுதான் — ஆனா வரலன்னு சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 20
எங்கள் ஊரிலிருந்து பருத்தி வண்டி ஓட்டும் கண்ணுச்சாமி அண்ணன் வந்தார். அப்பா உளுத்தமாவும் கருப்பட்டியும் கொடுத்துவிட்டிருக்கிறார். எலும்புக்காம். “கூட்டியாரச் சொன்னாவளாண்ணே?” என்றேன். “இல்லியே, தாயி.”

செப்டம்பர் 10
எலும்பு சேர்ந்துவிட்டது, கொஞ்சம் மேடாக. தாவணியால் மூடும்படி அம்மா சொல்லியனுப்பினாள். மூடவில்லை.
ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதிதாக வந்த சுந்தரபாண்டியம் ஊர்ப் பிள்ளை, பந்தோடு ஓடிவந்த என்னைத் தொடவே பயந்தாள்.
“இடுப்பப் பிடிட்டி. கண்ண மூடாத.”
பிடித்தாள். இரண்டு பேரும் விழுந்தோம். தரை வரும் வரைக்கும் எனக்கு உதறல்தான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, “இன்னொரு தடவ” என்றேன்.