வளைந்த மேகசீனுக்கு நேர்ப் பை

நேற்று மத்தியானம், சினிமாவுக்கு உடுப்பு சப்ளை செய்கிறவரின் ஆள் வந்து, நான் தைத்துக் கொடுத்த துப்பாக்கி மேகசீன் (தோட்டா அடைக்கும் பெட்டி) வைக்கும் தோல் பைகள் நூற்றையும் திருப்பிப் போட்டுவிட்டுப் போனான். கூடவே ஒரு டம்மி ஏ.கே. மேகசீனையும் வைத்தான். வளைவு உள்ளே போகவில்லை, மூடி பூட்டவில்லை. நான் வெட்டியது நேர் மேகசீன் உள்ள எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு.

"மிலிட்டரி பைன்னுதான் சொன்னோம். எந்த கன்னுன்னு நீங்க கேக்கவே இல்லியே சேட்" என்றான்.

புதுத் தோல் வாசனை கடை முழுக்க நிறைந்து கிடக்கிறது. தப்பு என்னுடையதுதான். ஆனால் கோபம், பாதியில் போய்ச் சேர்ந்துவிட்ட கூட்டாளி, உம் மேல். உம் மேசைக்கு மேலே ஆணியில், பைக்குத் தோல் வெட்ட நீர் செய்த அளவு அட்டைகள் தொங்குகின்றன. ஒன்றிலாவது துப்பாக்கியின் பேர் எழுதினீரா? "கையில எடுத்தாலே தெரியும் வே" என்பீர். பட்டாளத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்த கைக்குத் தெரியும். தாராவியில் தோல் வாங்கி விற்ற கைக்கு எப்படித் தெரியும்? முன்னால் தொங்கியதை எடுத்து வெட்டிவிட்டேன்.

நமக்குள் சண்டையே இதில்தான். "எல்லாத்துக்கும் ஒரே சைஸ் வெட்டினா தோல் மிச்சம்லா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"செருப்பையும் ஒரே சைஸுல வெட்டி வித்துப் பாரும்."

பிறகு என் நல்ல தோலின் மேலேயே சாக்பீஸால் வரைந்தீர். த்ரீ நாட் த்ரீ ரைஃபிளுக்கு ஐந்தைந்து தோட்டாவாகக் கிளிப்பில் கோத்து மேலிருந்து தள்ள வேண்டும், ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டும். அதற்குச் சின்னப் பை போதும். எஸ்.எல்.ஆர். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். நீளம், கனம், தோளை இடிக்கும். மேகசீன் கிட்டத்தட்ட நேர். இன்சாஸுக்குத் தோட்டா சின்னது, மிச்சம் எத்தனை என்று மேகசீனுக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம். ஏ.கே. குட்டை, சேறு பட்டாலும் சுடும். தூரத்துக் குறிக்கு எஸ்.எல்.ஆர். அளவு வராது. மேகசீன் வாழைக்காய் மாதிரி.

சாயா கொண்டுவந்தவர் நின்று கேட்டார்: "அப்ப எதுதான் நல்லது?"

"எவ்வளவு தூரம் சுடணும், எவ்வளவு நேரம் தூக்கிட்டு நடக்கணும், அதைச் சொல்லும் மொதல்ல."

ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அன்று எரிச்சல்பட்டேன். இன்று காலை அந்த டம்மி மேகசீனை ஒவ்வொரு அட்டையாக வைத்துப் பார்த்தேன். நான்காவது அச்சாகப் பொருந்தியது. மொத்தமே பத்து நிமிஷ வேலை. அதில் 'ஏ.கே.' என்று பேனாவால் எழுதினேன். மற்ற அட்டைகள் எந்தத் துப்பாக்கிக்கு என்று இனி நான் யாரைக் கேட்க?

சப்ளையரிடம் பேசி முடித்தாயிற்று. புதிதாக நூறு பை, தோலும் கூலியும் என்னுடையது, சனிக்கிழமை டெலிவரி. திரும்பி வந்த நூறையும் எஸ்.எல்.ஆர். வைத்துப் படம் எடுக்கும்போது பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார். இனி எந்த ஆர்டரானாலும், மேகசீன் உம் மேசைக்கு வந்த பிறகுதான் தோலில் கத்தி.