நீ தனியாகப் போன ரயில் பாதை

கையில் சங்கிலி எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார். பக்கவாதம் வந்து ஆறு வருஷமாகப் பேச்சில்லாமல் கிடக்கும் மனிதருக்கு மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. "உங்க பொண்டாட்டி நேத்து சைக்கிள் ஓட்டப் போயிட்டா," என்றேன். என்ன புரிந்ததோ, வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், போனேன். உன் சைக்கிளில், உன் வழியில், தனியாக. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து.

இன்றைக்குத் தொடை இரண்டும் கல்லாகக் கிடக்கின்றன. உட்கார்ந்தால் எழுவதற்கு மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவருக்குத் துடைத்துவிட்டு, மருந்து கொடுத்து, தூங்கவைத்துவிட்டு இப்போதுதான் பேனாவை எடுத்தேன்.

உன் காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் உன் தம்பி சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு சிரம்பான் ராசாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். "அக்கா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொல்லிச்சு," என்று வாசலில் நிறுத்திவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். வருஷம் முழுக்க அது பின்கட்டில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழேயே நின்றது. ஈரத்துணி சொட்டிச் சொட்டி இருக்கை வெளுத்துவிட்டது. நான் அதைத் தொடவில்லை. தொடாததற்குக் காரணம் இருந்தது. உன்னிடம் ஒருநாளும் சொல்லாத காரணம்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே கம்பெனியில், ஒரே லைனில், அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பூதக்கண்ணாடிக்கு அடியில் பொடிப்பொடிச் சாமான்களை வைத்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று பிரிக்கிற வேலை. நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரின் இன்னொரு பக்கம், லோபாக்கில் தம்பி குடும்பத்தோடு இருந்தாய். அவன் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் நீதான். ஞாயிறு மட்டும் உன்னுடையது. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ரயில் நின்றுபோன போர்ட்டிக்சன் பாதையை ஒட்டியே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்து போவாய். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாய். திங்கட்கிழமை முகம் கறுத்து, மூக்கு நுனி உரிந்து வந்து உட்கார்வாய்.

"எங்கடி போன?"

"சும்மா. செம்பனைக்குள்ள."

"அங்க என்ன இருக்கு?"

"செம்பனைதான்."

ஒரு தடவை என்னையும் கூப்பிட்டாய். "செல்வி, நீயும் ஒரு ஞாயித்துக்கெழம வாயேன் லா. வாடக சைக்கிள் கெடைக்கும்." எனக்கு அப்போது பள்ளி போகிற பிள்ளைகள் இரண்டு, படுத்த படுக்கையாக மாமியார். "ஒன்னப் போல ஒண்டிக்கட்டையா நானு?" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டுக் கண்ணாடிக்குள் குனிந்துகொண்டாய். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிந்தது. இந்த வயதில் ஒளித்து என்ன ஆகப்போகிறது? அது பொறாமை. உன் ஞாயிற்றுக்கிழமை மேல் பொறாமை.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் ஒரு கதை கொண்டுவந்தாள். லுக்குட்டுக்குப் போகிற வழியில், தேத்தண்ணி விற்கிற ஓர் ஒட்டுக்கடையில் உன்னைப் பார்த்தாளாம். யாரோ ஓர் ஆணோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாயாம். அவ்வளவுதான் கதை. நான் அதை அப்படியே விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை கோயிலில் உன் தம்பி பெண்டாட்டி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியாம இருக்காதுக்கா. அண்ணி வாராவாரம் எங்கதான் போவுது?"

பிரசாதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும்கூட. நான் சொன்னது இது: "எனக்கென்னம்மா தெரியும்? யாரையோ பாக்கப் போறான்னு வெளிய பேசிக்கிறாங்க."

அடுத்த ஞாயிறு நீ எழுந்து பார்த்தபோது சைக்கிள் சன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. தம்பி வீட்டில் இருக்கும் அக்கா என்ன செய்வாள்? சத்தம் போட்டால் போக வேறு வீடு இல்லை. நீ சத்தம் போடவில்லை. மூன்று நாள் என்னிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் கேண்டீனில் எதிரே உட்கார்ந்து கேட்டாய்.

"செல்வி, நீ ஏதும் சொன்னியா?"

"நானா? நான் ஏன்டி சொல்றேன்?"

"சரி," என்றாய். உன் தட்டில் இருந்த வடையைப் பிய்த்து, பாதியை என் தட்டில் வைத்தாய். எப்போதும் வைப்பதுதான். அன்றைக்கும் அதை எடுத்துச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்தச் சைக்கிள் நகரவில்லை. வேலையிலிருந்து நின்றபின் ஒருநாள் நீயே பட்டறையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து பூட்டை அறுக்கச் சொன்னாய் என்று கேள்விப்பட்டேன். நாலைந்து மாதம் ஓட்டியிருப்பாய். அப்புறம் வயிற்றில் கட்டி என்றார்கள். பார்க்க வந்தபோதெல்லாம் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் விசாரித்தாய். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீடு திரும்பினேன், ஒவ்வொரு தடவையும்.

நேற்று மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். "அம்மா, ஒரு நாளு எங்கயாச்சும் போயிட்டு வாங்க. ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல. அப்பாவ நான் பாத்துக்கறேன்." எங்கே போவது? ஆறு வருஷமாக நான் போன இடங்கள் ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, காய்கறி பசார். யோசித்துக்கொண்டே துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். சைக்கிள் நின்றது. முனைப் பட்டறையில் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். கழன்று விழுந்தால் மாட்டுவதற்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு தடவை கழன்றது.

உன் பாதை அழகு என்று யாராவது சொல்வார்களா தெரியாது. தண்டவாளம் சில இடத்தில் புல்லுக்குள் கிடக்கிறது, சில இடத்தில் இருந்த அடையாளமே இல்லை. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் போய்ப் போய் விழுந்த செம்மண் தடம். இரண்டு பக்கமும் செம்பனை. வரிசை வரிசையாக, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, உள்ளே பகலிலும் மங்கல். பாதையை விட்டு விலகாமல் கூடவே வருகிறது தோட்டத்து வாய்க்கால். பாலத்தில் அது ரயில் பாதைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போகிறது, அடுத்த பாலத்தில் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. அதற்கு மட்டும் களைப்பே இல்லை.

நான் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் என்ன சொல்லும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகள் மூன்று தடவை போன் செய்தாள். நீல மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? விரிப்பு எந்த அலமாரியில்? அப்பா எதையோ காட்டுகிறார், என்ன கேட்கிறார்? ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. திரும்பவும் அதே தூரம் மிதிக்க வேண்டுமே என்ற அலுப்பில்தான் முன்னால் போனேன்.

லுக்குட் வருவதற்கு முன்னால், வாய்க்கால் ஓரத்தில் தகரக் கூரை போட்ட அந்த ஒட்டுக்கடை இருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு விழுந்ததுபோல் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மாளுக்கு என் வயது இருக்கும். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தார்.

"இது அந்தக்கா சைக்கிள் இல்ல? லோபாக்கு அக்கா?"

"ஆமா. நான் அவங்க கூட்டாளி."

"அவங்க எங்க? வரலியா?"

சொன்னேன். அந்தம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பால் விடாத தே ஓ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். நான் கேட்டுவிட்டேன். பதினாலு வருஷமாகக் குடைந்துகொண்டிருந்ததை.

"இங்க அவங்க யாரையாச்சும் பாக்க வருவாங்களா?"

"யார?"

"ஆம்பள யாராச்சும்."

அந்தம்மாள் சிரித்துவிட்டார். "ஐயோ, இங்க உக்காந்திருக்கறது பூரா ஆம்பளைங்கதான் லா. லோரிக்காரன், செம்பனைக் குலை வெட்டறவன், எங்க வீட்டுக்காரரு. எல்லார்கிட்டயும் பேசும், தேத்தண்ணி குடிக்கற வரைக்கும். அப்பறம் செருப்பக் கழட்டி வச்சிட்டு அங்க போயி ஒக்காந்துக்கும்." வாய்க்காலின் சிமெண்டுக் கட்டையைக் காட்டினார். "தண்ணிக்குள்ள காலத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம். சாப்பிட எதாச்சும் வேணுமான்னு ஒருவாட்டி பக்கத்துல போயி கேட்டேன். 'வாரத்துல ஒரு நாளாச்சும் என்னைய யாரும் எதும் கேக்காம இருக்கணும்மா'ன்னுச்சு. அதுக்கப்பறம் நான் கேக்கறதில்ல."

என் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை.

"நடுவுல ரொம்ப வருசம் காணோமே, ஏன்?" என்றார் அந்தம்மாள். "ஒடம்பு முடியலியா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. கேண்டீனில் சொன்ன அதே பொய்யை இன்னொரு தடவை, இன்னும் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். நான் அவ்வளவு களைத்திருந்தேன். பொய்யைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் அவ்வளவு தூரம் போக எனக்குத் தெம்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"இல்லம்மா. அவங்க யாரையோ பாக்கப் போறாங்கன்னு நான்தான் அவங்க வீட்டுல சொன்னேன். சைக்கிள பூட்டிட்டாங்க."

அந்தம்மாள் மேசையில் இருந்த சர்க்கரைத் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளினார். "சொல்லியிருக்க வேணாம்," என்றார். அப்புறம், "தேத்தண்ணி ஆறிப்போச்சு. மாத்தித் தரவா?" என்று எழுந்துபோனார்.

நான் வாய்க்கால் கட்டையில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் செம்மண் நிறம், கணுக்கால் வரைதான். உன்னைப் போல் இரண்டு மணி நேரம் இருக்க முடியவில்லை, அரைமணிகூட இருந்திருக்க மாட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது தூக்கம். உட்கார்ந்தபடியே கண் செருகியது. யாரும் வந்து எழுப்பவில்லை.

கடைக்காரரின் வேன் சாமான் எடுக்கச் சிரம்பானுக்குப் போனது. சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். "எங்க எறக்கணும்?" என்று கேட்டபோது வாயில் ராசா வரவில்லை, லோபாக் என்றேன்.

உன் தம்பி வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. சைக்கிளைப் பார்த்ததும் குழாயை மூடினான். உள்ளே போகாமல் அங்கேயே நின்று சொன்னேன், கோயிலில் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், இரண்டையும். நடுவில் நிறுத்தினால் தொடர முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க ஒரு வார்த்ததானேக்கா சொன்னீங்க," என்றான் கடைசியில். "கடைக்குப் போயி பூட்டு வாங்கிட்டு வந்தது நானு. தெனமும் அதப் பாத்துக்கிட்டே வேலைக்குப் போனேன். அக்காகிட்ட ஒருநாள் கேட்டிருக்கலாம், எங்க போறேன்னு. கேக்கவே இல்ல, பூட்டிட்டேன்."

அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து, "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்று குரல் கொடுத்தாள். நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு கேள்விதான் என்னிடம் மிச்சம் இருந்தது. சொன்னது நான்தான் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் சைக்கிளை எனக்குக் கொடுத்தாயா? கடைசி நாட்களில் அவனிடம் ஏதாவது சொல்லியிருப்பாய். அவன் முகத்தைப் பார்த்தால் சொல்லியிருப்பாய் என்றுதான் பட்டது.

கேட்கவில்லை. இனியும் கேட்கப்போவதில்லை. தெரிந்திருந்தால் அதை நீ யாரும் கேட்காத இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அது அங்கேயே இருக்கட்டும். நான் சுமக்க வேண்டியது நான் சொன்ன வார்த்தையை மட்டும்தான்.