காண்க: எவரெஸ்ட்

தலைமையாசிரியை அம்மாவுக்கு,

நலம். நீ பதவி உயர்வில் அந்த ஊருக்குப் போனபின் இங்கே பால் இரண்டு முறைதான் பொங்கி வழிந்தது.

எங்கள் ஆங்கில–தமிழ் அகராதியின் புதுப் பதிப்பில் இந்த வாரம் சோமோலுங்மா வந்தது. எவரெஸ்டின் திபெத்தியப் பெயர். உலகின் தாய்த் தெய்வம் என்று பொருள் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பலர் இப்போது அந்தப் பெயரையே நேராக எழுதுகிறார்கள். பழைய பதிப்பிலோ அதற்கு எதிரே 'காண்க: எவரெஸ்ட்' என்று மட்டும் இருந்தது. எழுதிய புண்ணியவான் நான்தான்.

"அவ்வளவு பெரிய மலைக்கு ஒரு வரி எழுத கை வலிச்சுதா சார்?" என்றாள் உதவி ஆசிரியை. உடனே முழுப் பதிவாக எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் உன் புது எண்ணைக் குறிக்க வீட்டு முகவரி நோட்டை எடுத்தேன். கல்யாணமான வருஷம் நான் அகராதி மாதிரி வரிசைப்படுத்தினேனே, அதுதான். உன் பெயருக்கு எதிரே 'காண்க: என் பெயர்' என்று இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக நீயும் ஒன்றும் சொல்லவில்லை. "வேலைக்குத்தானே போறேன், ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கிளம்பும்போது கேட்டதோடு சரி.

அந்த வரியை அடித்துவிட்டு உன் பெயர், பதவி, பள்ளி, எண் எல்லாம் எழுதினேன். அரைப் பக்கம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நீ நிறுத்தத்துக்கு வந்து காத்திருக்க வேண்டாம். தலைமையாசிரியை வீடு எது என்று விசாரித்துக்கொண்டு நானே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியையின் வீட்டுக்காரர்