கூடத்துச் சுவரில் இருந்த ஆற்றுப் படம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்காலையும் உன் அப்பாவின் பிடிவாதத்தையும் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

கூடத்தில் மாட்டியிருக்கும் ஆற்றுப் படத்தை அங்கே கண்காட்சிக்குக் கேட்கிறார்கள், நூறு வருடத்துக்கு முந்தைய எண்ணெய் வண்ணப் படமாம், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று நாலு வரி எழுதி அனுப்பும்மா என்றாய். நாலு வரி. அதற்காக நான் பட்ட பாடு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்த காலத்திலும் பட்டதில்லை. உன் அப்பாவைக் கேட்டால் "என்னை இதுல இழுக்காதே" என்று செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உன் சித்தப்பா, "அண்ணி, அது அப்பா எனக்குக் கொடுத்தது. என் வீட்டுச் சுவர் ஈரமா இருக்கேன்னுதான் உங்ககிட்ட விட்டு வெச்சிருக்கேன்" என்றார். அத்தையோ, "கீழ் ஓரத்துல கிழிசல் இருக்கு பாருங்க, அது இவன் பந்தடிச்சுக் கிழிச்சது. கிழிச்சவனுக்கா அப்பா கொடுப்பார்? எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனார்" என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒருவரை ஒருவர் திட்ட வேண்டியதையெல்லாம் எனக்குப் போன் போட்டுத் திட்டுகிறார்கள். நான் என்ன தபால் பெட்டியா?

உன் தாத்தாவுக்கு அது எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும், பக்கத்து வீட்டு டாக்டர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த டாக்டரின் மகள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். என் கண்ணாடிக்குத் திருகு போடப் போன இடத்தில் கேட்டேன். கையிலிருந்த திருகை அப்படியே வைத்துவிட்டு, "அந்தப் படம் இன்னும் இருக்கா டீச்சர்? கீழ் ஓரத்துல கிழிசல் இருக்குமே, நான் நாற்காலியைச் சாய்ச்சுக் கிழிச்சது. காயத்துக்குப் போடுற பிளாஸ்திரியை அப்பா பின்னாடி ஒட்டினார்" என்றாள். வரைந்தவர் அவள் தாத்தாவின் நண்பராம், நில அளவை வேலையில் இருந்தவர். ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். "வீட்டுக்கு வெள்ளையடிச்சப்போ சுண்ணாம்பு தெறிக்குமேன்னு உங்க மாமனார்கிட்ட கொடுத்து வெச்சோம். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு, வீடு மாத்திட்டோம், கேட்கத் தோணல" என்றாள். குரலில் குறையே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தைத் திருப்பினேன். பிளாஸ்திரி பழுப்பேறி, பத்திரமாக இருந்தது. இத்தனை வருடம் தூசி தட்டிய வீட்டில் திருப்பிப் பார்த்தவர் ஒருவர் இல்லை. சித்தப்பாவிடம் சொன்னால், "இவ்வளவு காலம் நம்ம வீட்ல இருந்தா நம்மளதுதானே அண்ணி" என்கிறார். ஒரு பிள்ளை இரவல் பேனாவில் பரீட்சை முழுக்க எழுதி முதல் மதிப்பெண்ணே வாங்கினாலும் பேனா அவனுடையதாகிவிடுமா என்று கேட்டேன். "என்னையும் உங்க வகுப்புல உட்கார வெச்சுட்டீங்களா" என்று போனை வைத்துவிட்டார். அத்தையும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள். இப்போது அக்காவும் தம்பியும் ஒற்றுமை, என்னோடுதான் பேச்சில்லை.

நேற்று அதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவள் கிழிசலை விரலால் தொட்டுப் பார்த்து, "ஒருவழியா வெள்ளையடிச்சு முடிஞ்சுது டீச்சர்" என்று சிரித்தாள், அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாள். கண்காட்சிக்குத் தர அவளுக்குச் சம்மதம். எங்கள் குடும்பத்துப் படம் என்று நீ அங்கே பெருமையாகச் சொல்லி வைத்திருப்பாய், என் மேல் கோபம் வரும், வரட்டும். படக் குறிப்பை அச்சடிக்கும் முன் மாற்றச் சொல். நீ கேட்ட வரிகள் இவைதான்: வரைந்தவர், பிறகு டாக்டரின் அப்பா, பிறகு டாக்டர், இப்போது அவர் மகள். நாம் நடுவில் பார்த்துக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

மனநிறைவோடு நீண்ட நாள் வாழ்க. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் நீயே போன் செய்து பேசு, மறக்காதே. கூடத்துச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. உன் அப்பா செய்தித்தாளுக்கு மேலாக அதையே பார்க்கிறார். நாமும் வெள்ளையடித்துவிட வேண்டியதுதான்.

உன் அன்பு அம்மா