சுண்ணாம்பு என்று நினைத்த வெள்ளைத் தூள்

மச்சான்,

காலையிலிருந்து கொட்டோ கொட்டென்று மழை. நம் தோட்டத்து மயானப் பாதை முழுக்க நனைந்த சிமெண்டுக் கல்லின் வாசம். அது மூக்கில் ஏறியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: பாதை தாங்கிவிட்டதடா.

சிரம்பானில் பழைய கடைவீடுகளையும் சுற்றுவட்டாரத் தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளையும் வரிசையாக இடிக்கத் தொடங்கியபோது, லுக்குட்டில் நாம் இருவரும் பட்டறை போட்டோம். இடிபாட்டை அரைத்துச் சாலைக்கல் ஆக்குவது என்று திட்டம். குப்பை விற்க வந்துவிட்டான்கள் என்று ஊரே சிரித்தது. நீ அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. லாரி கொட்டிய ஒவ்வொரு சிமெண்டுக் கட்டியையும் சின்னச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பாய். கணீரென்றால் மிஷினுக்கு. பொத்தென்றால் ஓரத்துக்கு. கம்பியும் செங்கல்லும் மரமும் தனித்தனிக் குவியல். மஞ்சள் குங்குமம் ஒட்டிய வாசல் நிலைக்கட்டை வந்தால் மட்டும் அதை மிஷின் பக்கமே அண்டவிடமாட்டாய். "யாரோ பொம்பள பூசி வச்சதுடா, ஓரமா வை" என்பாய்.

நாம் பிறந்த தோட்டத்து மயானப் பாதைக்கு இலவசமாகக் கல் போட வேண்டும் என்பது உன் ஆசை. கெடுத்தவன் நான். உடைந்த சீலிங் பலகைகள் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று பொடிந்து கிடந்தன. லயன் சுவரெல்லாம் சுண்ணாம்பில் இறுகி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் இல்லையா நான்? இதையும் கல்லோடு கலந்தால் பாதை பாறையாகிவிடும் என்று துள்ளினேன்.

"இது சுண்ணாம்பு இல்ல மச்சான், ஜிப்சம். தண்ணி பட்டா கஞ்சியா போயிரும்."

"சும்மா இருடா, இறுகும்லா."

நீ பாரோய்க்கு லோடு கொண்டுபோன நேரம் பார்த்து, கலந்து கொட்டிப் பரப்பிவிட்டேன். அடுத்த பெருமழையில் பாதை கஞ்சியாகிவிட்டது. நீ திட்டவில்லை. "சரி, அள்ளிட்டு வேற போடுவோம்" என்றாய். அள்ளுவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. உன்னை ஏற்றிவந்த வேன் நான் போட்ட அதே இடத்தில் அச்சு வரை புதைந்தது. ஆறு பேர் இறக்கித் தூக்கினோம். முன்னால் இடப்பக்கம் என் தோள். என் செருப்பு ஒன்று அந்தச் சேற்றிலேயே போயிற்று. அன்று வெட்கத்தில் செத்தேன்.

இந்த வருஷம் எல்லாவற்றையும் அள்ளி எறிந்தேன். புதிதாகப் போட்டதில் வெள்ளைத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் நானே குனிந்து பொறுக்கினேன். தோட்ட மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "முதல் பெரிய மழைக்கு அமுங்குச்சின்னா மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிரணும். அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க."

அந்த மழைதான் இன்றைக்கு. சோதித்துப் பார்க்க, எண்ணெய்ச் செம்பனைக் குலை முட்ட ஏற்றிய லாரியையே வரச்சொல்லியிருந்தார். டிரைவர் பையன் தலையை நீட்டினான்.

"அண்ணே, புதைஞ்சா நீங்கதான் தள்ளணும்."

"போ தம்பி, பாத்துக்கலாம்."

சக்கரத்தின் பின்னாலேயே நடந்தேன். என் செருப்பு போன இடம் வந்தது. சக்கரம் ஏறியது, கடந்தது. மெல்லிய தண்ணீர்க் கோடு ஒன்றுதான் மிச்சம். "கெட்டியா இருக்குலா அண்ணே" என்றான் பையன். மேனேஜர் இறங்கி வந்து பூட்ஸ் காலால் ரெண்டு மிதி மிதித்தார். "ஆபீஸ் ரோட்டுக்கும் இதையே போட்டுருங்க" என்றார். இந்த வயசில், அந்த மழையில், நீ இருக்கும் இடம் வரைக்கும் ஓடினேன் மச்சான். ஒரு இடத்திலும் கால் புதையவில்லை.

நாளைக்கு ரெம்பாவிலிருந்து புது லோடு வருகிறது. உன் சுத்தியலை உன் மகளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தட்டப் பழகிவிட்டேன். ஆனால் தட்டியதும் முடிவு சொல்ல இன்னும் வரவில்லை. பழக்கதோஷத்தில் நீ எப்போதும் நிற்கும் வலப்பக்கம் திரும்பி உன் முகத்தைப் பார்க்கிறேன். அங்கே யாரும் இல்லை. அதனால் இன்னொரு முறை தட்டுகிறேன்.